பெட்டிக்குள் ஒரு படை

28 மில்லிமீற்றர் உயரமுள்ள ஒரு மனிதனுக்கு 90 மில்லிமீற்றர் நீளமுள்ள வேல் வேண்டும் என்றால் கேட்போர் நகைப்பர். ஆயினும் கணக்கு அதுவே. பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் காலாட்படையினர் ஏந்திய நெடுவேல் 16 அடி முதல் 18 அடி வரை நீண்டிருந்தது; அதனை ஏந்தியவனோ ஐந்தரை அடி மனிதன். தன்னிலும் மும்மடங்கு நீண்ட ஆயுதத்தைத் தாங்கி நின்ற அம்மனிதனைச் சிற்றுருவில் ஆக்கி, நிறந்தீட்டி, முறியாது பேணிவைத்தல் சில ஆண்டுகளாக எனது ஓய்வுநேர முயற்சியாக இருந்துவருகின்றது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் ஒருவனுக்கு இத்தகைய பொழுதுபோக்குத் தகுமா என்ற வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

போரை மேசைமீது நிகழ்த்திப் பார்க்கும் வழக்கம் புதியதன்று. நம்மவரின் சதுரங்கமும் நால்வகைப் படையின் சிற்றுருவமே. 1824இல் பிரசிய இராணுவ அதிகாரி றைஸ்விற்ஸ் என்பவர், நிலப்படமும் சிறு கட்டைகளும் கொண்ட போர் விளையாட்டொன்றை அதிகாரிகளின் பயிற்சிக்கென வகுத்தளித்தார். 1913இல் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் ‘சிறிய போர்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலொன்றை வெளியிட்டு, பொம்மைப் படையினரைக் கொண்டு ஆடும் விதிகளைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தார். பொம்மைப் போரை ஆடிப் பார்த்தவனுக்கு உண்மைப் போரின் மடமை விளங்கும் என்பதே அந்நூலின் முடிபாகும். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது என்பது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது.

என் மேசையில் அணிவகுப்போர் எங்கள் துறைமுகத்திற்காகப் போரிட்டோர். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கோட்டை கட்டினர். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்படிக்கை செய்திருந்த ஒல்லாந்தர் 1639இல் அதனைக் கைப்பற்றினர். 1782இல் ஒரே ஆண்டினுள் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியரும், பிரித்தானியரிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சுவ்றேனும் திருகோணமலையைப் பறித்தெடுத்தனர். சுவ்றேன் வாழ்ந்த காலத்தில் நிலப்படைகளிடையே துப்பாக்கிச் சனியன் நெடுவேலின் இடத்தைப் பிடித்துவிட்டது. போர்க்கப்பல்களிலோ, பகைக்கலத்திலிருந்து தாவுவோரைத் தடுக்கும் குறுவேல்கள் இன்னும் வழக்கிலிருந்தன. ஆகவே எந்த நூற்றாண்டை எடுத்தாலும் வேலேந்தியவனை விலக்கி இத்துறைமுகத்தின் கதையைச் சொல்ல இயலாது.

அவனை ஆக்குவதிலோ தொல்லைகள் பல. கடல் கடந்து வாழும் உறவினர் அனுப்பும் உலோக உருவங்களில் வேல் பெரும்பாலும் உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். மெல்லிய ஈயக்கலவையாதலால் அது தொட்டவுடன் வளையும். இரண்டு மூன்று முறை நிமிர்த்தினால் முறியும். எனவே முதல் வேலை அதனை வெட்டி நீக்குவதே. வார்ப்பு விளிம்புகளைக் கத்தியாற் சுரண்டி, அச்சிலிருந்து கழல்வதற்காகப் பூசிய பசை நீங்குமாறு சவர்க்கார நீரிற் கழுவி, மூடிய கையினூடே நகைத்தொழிலாளர் கையாள்வது போன்ற சிறு துறப்பணத்தால் துளையிடவேண்டும். நம் சிற்பிகளுக்கு இஃது அறியாத உத்தியன்று. முருகன் படிமங்கள் பலவற்றிலே கரம் பிடித்த பாவனையில் இருக்க, வேல் தனியே செய்து செருகப்பட்டிருத்தலைக் காணலாம்.

புதிய வேலுக்கு உருக்குக் கம்பியையே நூல்கள் விதந்துரைக்கும். ஆனால் எங்கள் உப்புக்காற்றில் ஒரு மாரிக்குள் அது துருப்பிடித்து, மேற்பூச்சைப் பிளந்துகொண்டு வெளிவரும். பித்தளைக் கம்பி நன்று. அதனினும் நன்று முற்றத்து விளக்குமாற்றின் ஈர்க்கு. தென்னோலை ஈர்க்கின் நுனிப்பகுதி நேரானது, பாரமற்றது, வளைந்தாலும் மீளும் இயல்பினது, துருவோ அதற்கில்லை. குளிர்பானப் பேணியின் தகட்டில் இலை வடிவாக ஒரு துண்டை வெட்டி, பிளந்த நுனியிற் செருகி ஒட்டினால் வேற்றலையும் ஆயிற்று.

நிறந்தீட்டும்போது வேலையும் வீரனையும் பிரித்தே வைத்தல் வேண்டும். நெடுவேல் மார்புக்கும் முகத்துக்கும் குறுக்கே நிற்பதால் தூரிகை உள்ளே புகாது. போத்தல் மூடியொன்றில் உருவத்தை ஒட்டி, மூடியைப் பிடித்தபடி அடிப்பூச்சு, உடல்நிறம், உடை என்ற ஒழுங்கிலே தீட்டி, நீர்த்த கபிலநிறத்தை மடிப்புகளில் ஓடவிட்டு, இறுதியிலேதான் வேலைக் கையிற் செருகுவேன். வளையும் தண்டில் நிறம் உதிருமாதலால், முதலில் பளபளக்கும் வார்னிசும் அதன்மேல் மங்கல் வார்னிசும் பூசுதல் நன்று.

இவ்வாறு ஒரு வீரனின் முகத்தோடு ஒரு மணிநேரம் இருக்க நேர்கையில் அவன் யார் என்ற வினா தவிர்க்கவியலாதது. தளபதிகளின் பெயர்களை வரலாறு தந்துள்ளது. வேலேந்தியவர்களின் பெயர்களைத் தரவில்லை. போர்த்துக்கேயரின் படையிற் பெருந்தொகையினர் ‘லஸ்கரின்’ எனப்பட்ட இந்நாட்டு வீரரே. எதிர்ப்புறம் நின்ற கண்டிப் படையினரும் இந்நாட்டவரே. 1660இல் எங்கள் குடாவின் மறுகரையிலே, மூதூர்ப் பக்கத்திற் சிறைபிடிக்கப்பட்டு ஏறத்தாழ இருபதாண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், அந்நாட்டு வீரரின் படைக்கலங்களுள் வேலையும் சேர்த்துக் கூறுகின்றார். கோணேசர் கோயிலை இடித்த கொன்ஸ்தந்தீனு த சா 1630இல் ரந்தெனிவெலையில் வீழ்ந்தபோது, அவனது லஸ்கரின்களிற் பெரும்பாலோர் கண்டியர் பக்கம் சேர்ந்துவிட்டனர். காலையில் ஒருவனுக்காக ஏந்திய வேலை மாலையில் அவனுக்கெதிராக ஏந்திய அம்மனிதனின் முகத்தில் எவ்வுணர்ச்சியைத் தீட்டுவது? இரு படைக்கும் நான் குழைப்பது ஒரே கபிலநிறமே. படைக்கு அரிசியும் வெடிமருந்தும் சுமந்து சென்றோர் சிலரையும் எஞ்சிய உருவங்களிலிருந்து ஆக்கியுள்ளேன். விளையாட்டின் விதிகள் அவர்களுக்குப் புள்ளி எதனையும் வழங்குவதில்லை; எனினும் அவர்களின்றி என் படை புறப்படுவதில்லை.

பேணிவைத்தலே இக்கலையின் கடினமான பகுதி எனலாம். மரப்பெட்டி அழகானதே, ஆயின் சிலவகை மரங்களிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக அரித்துவிடும். எனவே என் படை குடியிருப்பது பழைய பிஸ்கற் பேணிகளில். உருவத்தின் அடித்தட்டிற் காந்தத் துண்டொன்றை ஒட்டினால் பேணியின் இரும்புத் தகட்டை அது பற்றிக்கொள்ளும். ஐப்பசி தொடக்கம் தை வரை வாடைக்காற்றோடு வரும் ஈரத்திற்கு, மருந்துப் போத்தல்களில் வரும் ஈரமுறிஞ்சிப் பைகள் காவல். இத்தனைக்கும் மேலாக இடம் வேண்டும். வேலை நிமிர்த்திப் பிடித்தவனுக்கு உயரம் வேண்டும்; நீட்டிப் பிடித்தவனுக்கோ முன்னால் ஐந்து சென்ரிமீற்றர் வெற்றிடம் வேண்டும். இல்லையேல் அவன் வேல் அடுத்தவனின் கழுத்தைச் சுரண்டும். நேருக்கு நேர் நிறுத்தினால் இருவர் வேலும் முறியும். ஒவ்வொருவன் அடியிலும் இலக்கமிட்டு, நீட்டியவர்களைச் சுவரோரமாகவும் நிமிர்த்தியவர்களை நடுவிலும் நிறுத்துகிறேன். வாளேந்திய நாற்பதுபேர் அடங்கும் பேணியில் வேலேந்தியோர் பதினைவரே அடங்குவர். ஆயுதம் நீளும் அளவிற்கு அயலவனோடு கூடியிருத்தல் அரிதாகின்றது.

ஒருநாள் அம்மம்மா பேணியின் உள்ளே பார்த்துவிட்டு, “இஞ்ச கண்ட சண்டை காணாதே மோனை, பெட்டிக்குள்ளையும் வைக்கிறியே?” என்று கேட்டார். 2009இல் முடிந்த போரின் பெரும்பகுதியை இந்நகரில் வாழ்ந்து கடந்தவர் அவர். அவ்வினாவை விளையாட்டென ஒதுக்க என்னால் முடியவில்லை. மேசைப் போரிலே தோற்றவன் மீண்டும் எழுவான். எந்த வீட்டிலும் விளக்கு அணைவதில்லை. இந்தத் தூய்மையே அதிலுள்ள பொய்யுமாகும்.

தமிழ் பயிலும் எனக்கு விடை தேட வாய்த்த இடம் புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதராகச் சென்ற ஒளவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கு வேல்கள் மாலையும் மயிற்பீலியும் அணிந்து, நெய்ப்பூச்சுடன் காவலில் இருந்தன. அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்றார் ஒளவை. புகழ்வதுபோற் பழித்த அச்சொல்லை வகுப்பிற் படித்தபோது நாங்கள் அனைவரும் அதியமான் பக்கமே நின்றோம். அம்மம்மாவின் வினாவிற்குப் பின்னர் நான் அப்பாட்டை வேறுவிதமாகப் படிக்கிறேன். நுனி சிதைந்த ஒவ்வொரு வேலுக்கும் அது பாய்ந்த உடலொன்று உண்டு. போரைத் தவிர்த்தற்கே ஒளவை தூது சென்றார் என்பர். அங்ஙனமாயின், தொண்டைமானின் வேல்கள் கொட்டிலை விட்டு வெளிவராதிருத்தலே அவர் விரும்பிய பயனும் ஆகும். அவர் பழித்த கொட்டிலே அவர் வேண்டிய அமைதி.

கோணேசரைத் தரிசிக்கச் செல்லும் அடியவர்கள் இன்றும் கோட்டை வாசலைக் கடந்தே செல்கின்றனர். கோட்டைக்குள் இன்றும் படையினர் உளர். அவர்களிடையே புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. அந்த வழியே நடக்கும்போதெல்லாம் என் பேணியிலுள்ள ஈர்க்கு வேல்கள் நினைவுக்கு வரும். அவை தொண்டைமானின் வேல்களைப்போல் அலங்கரிக்கப்பட்டவை, எவரையும் துளைக்காதவை. நாட்டின் வேல்கள் யாவும் அவ்வாறே பெட்டியுள் நிற்குமாயின், ஒளவையின் ஏளனத்தை நாம் மகிழ்ந்து ஏற்கலாம். அம்மம்மாவிடம் அப்பாட்டின் கதையைச் சொன்னேன். சிறிது நேரம் இருந்துவிட்டு, “அப்ப பெட்டியை வடிவாய் மூடி வை” என்றார்.