நடுக்கமும் நாமும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, கல்லூரியில் நாம் கற்றவற்றுள் எது இம்முதுமையிலும் பயன்பட்டது என்று எண்ணிப் பார்த்தோம். துடுப்பாட்டப் போட்டிகளையும் விடுதிச் சோற்றையும் பற்றி எழுத வல்லார் பலர் உளர். நாம் எழுதப்போவது ஒரு பழைய மோட்டார்க் காரைப் பற்றியும், அதன் பொருட்டு ஒரு பள்ளித் தோழருக்கு நாம் இழைத்த தவற்றைப் பற்றியும் ஆகும்.

எம்மிடம் உள்ளது மொறிஸ் மைனர் கார். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் ஆக்கமாக 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த இவ்வகைக் காரை எம் தந்தையார் 1959 இல் வாங்கினார். தந்தையாருக்குப் பின் அது எமக்கு வந்தது. அதனை ஓடும் நிலையில் வைத்திருந்த பெருமை எமதன்று. எம்மோடு எட்டாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் இருந்த தோழருடையது. தந்தையை இழந்தமையால் அவர் படிப்பை நிறுத்திக் கராஜ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். நாம் மேல்வகுப்புகளிற் கற்று, அரசாங்க உத்தியோகம் பார்த்து, இளைப்பாறினோம். குடாநாட்டிற்குப் பெற்றோல் வராத 1990களில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கி மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர் அவரே. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு ஊரே பெயர்ந்தபொழுது, எம் தாயாரை ஏற்றிய அக்கார் சன நெரிசலில் நின்று நின்று நகர, பின்னால் நின்று தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவரும் அவரே.

அண்மையில் அக்காரின் முன்பாகம் தளர்ந்துவிட்டது. மைனரின் முன்சில்லுகள் மரைமூட்டுகளிலே தங்கித் திரும்புபவை. காலந்தோறும் கிறீஸ் ஊட்டாவிடில் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு மடிந்துவிடும். தோழர் அம்மூட்டுகளை மாற்றினார். இறப்பர் புஷ்களைப் புதிதாக்கினார். ஸ்ரியறிங் தண்டுகளின் முனைகளையும் மாற்றினார். இறப்பர் புஷ்களைக் கார் தூக்கி நிற்கும்போது இறுக்கலாகாது, நிலத்தில் இறங்கித் தன் பாரத்தைத் தானே தாங்கும்போதே இறுக்கவேண்டும் என்று தம் பையன்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்ததை அருகிருந்து கேட்டோம். வேலை முடியக் காரைப் பெற்றுக்கொண்டு கண்டி வீதியிற் செலுத்தினோம்.

மணிக்கு 35 மைல் வரை குறையொன்றுமில்லை. 40 மைலை நெருங்கியதும் ஸ்ரியறிங் எம் கைகளிற் குளிர்காய்ச்சற்காரனைப் போல நடுங்கத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்தால் நின்றது. கூட்டினால் மீண்டும் வந்தது. திருத்தத்துக்கு முன் இல்லாத நடுக்கம் திருத்தத்துக்குப் பின் வந்திருக்கிறது. ஆகவே திருத்தியவரே காரணம். இம்முடிவுக்கு வர எமக்குக் கொடிகாமம் வரை கூடச் செல்லவேண்டியிருக்கவில்லை.

நேரே கராஜுக்குத் திரும்பினோம். பையன்களும் வேறு இரு வாடிக்கையாளரும் நிற்க, “வேலை தெரியாவிட்டால் தெரியாது என்று முதலே சொல்லியிருக்கலாம்” என்றோம். தோழர் கையைத் துடைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பின்பு, “ரயர்களையும் ஒருக்காற் பாருங்கோ” என்றார். நாம் அதனைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்தோம்.

வீடு வந்தபின்னரே ஒன்று நெஞ்சிற் தைத்தது. அறுபது ஆண்டுகளாக எம்மை ‘நீர்’ என்றே அழைத்தவர் அவர். அன்று ‘பாருங்கோ’ என்றார். மரியாதை கூடியபொழுது உறவு குறைந்துவிட்டது என்பதை யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எம் பௌதிக ஆசிரியர் ஆய்வுகூடத்தில் ஓயாது சொல்லும் விதி நினைவுக்கு வந்தது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை இருந்தபடி இருக்கவிடு. மறுநாட் காலை அவ்விதிப்படி ஆராயத் தொடங்கினோம்.

முதலில், 40 மைலில் கியரை விடுவித்துக் காரைத் தன்போக்கில் ஓடவிட்டோம். இயந்திரத்தின் வேகம் தணிந்தும் நடுக்கம் தணியவில்லை. எனவே குற்றம் இயந்திரத்தினதன்று. பிறேக்கை மெதுவாக மிதித்தோம், நடுக்கம் கூடவில்லை. எனவே பிறேக்கினதுமன்று. நடுக்கம் இருக்கையிற் தெரியாது கையிலே தெரிந்தமையால், அது முன்சில்லுகளிலிருந்து வருகிறது என்று துணிந்தோம்.

அடுத்து, ஜக்கினால் முன்பக்கத்தை உயர்த்தி, உறுதியான கட்டைகளில் நிறுத்தினோம். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். மரைமூட்டிலோ போல்பெயறிங்கிலோ தளர்வு இருந்தால் அதிலே தெரியும், தெரியவில்லை. இடமும் வலமும் பிடித்து ஆட்டினோம். ஸ்ரியறிங் தண்டு முனைகளில் தளர்வு இருந்தால் அதிலே தெரியும், அதுவும் தெரியவில்லை. தோழர் செய்த வேலையில் நூலளவு குறையும் காணவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டோம்.

பின்னர் ஒரு சோக்கட்டியை றிம்மின் விளிம்பருகே அசையாமற் பிடித்துச் சில்லைச் சுழற்றினோம். வலச்சில்லிற் கோடு முழுவட்டமாக விழுந்தது. இடச்சில்லிலோ ஓரிடத்தில் மட்டும் விழுந்தது. றிம் நெளிந்திருந்தது! இடப்பக்க முன்சில்லையும் பின்சில்லையும் மட்டும் இடம் மாற்றிப் பூட்டி மீண்டும் ஓடினோம். கையில் இருந்த நடுக்கம் இருக்கைக்குப் போய்விட்டது. ரயர்க் கடையின் இயந்திரமும் அச்சில்லு நெளிந்ததோடு சமநிலையும் தவறியது என்று காட்டிற்று. 40 மைல் வேகத்தில் மைனரின் சில்லு நொடிக்கு ஏறத்தாழ 10 முறை சுழல்கிறது. விளிம்பில் 50 கிராம் மிகையாக இருந்தால், அவ்வேகத்தில் அது 3 கிலோகிராம் எடைக்கும் மேலான விசையோடு அச்சை இழுக்கும். சுற்றுக்கு ஒருமுறை திசை மாறி மாறி இழுக்கும். அவ்விழுப்பின் தாளமும் முன்பாகத்தின் இயல்பான அதிர்வும் ஒன்றுபடும் வேகத்தில் ஸ்ரியறிங் துள்ளுகிறது.

ஆயின், நெளிந்த சில்லு முன்னுக்கு வந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடையைத் தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியிருக்கவில்லை. காரைத் திருத்தக் கொடுத்த அன்று, “பின்ரயர்கள் தேயவில்லை; அவற்றை முன்னுக்குப் போட்டுவிடும்” என்று தோழரிடம் சொன்னவர் நாமே. என்றோ ஒரு குழியில் விழுந்து நெளிந்து, பின்னால் யாரும் அறியாமற் கிடந்த சில்லை முன்னுக்குக் கொணர்வித்தவரும் நாமே. ஒரே நாளில் இரு மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன. பிறர் கை செய்ததை நினைவில் வைத்தோம். எம் வாய் சொன்னதை மறந்தோம்.

மேலதிகச் சில்லைச் சமன்செய்து பூட்டியபின் நடுக்கம் அடியோடு நின்றது. மறுநாள் கராஜுக்குச் சென்று, அதே பையன்கள் நிற்க, பிழை எமது என்று சொன்னோம். தோழர் நிமிர்ந்து பாராமலே, “பின் இடச்சில்லுத்தானே?” என்றார். ஆம் என்றோம். “பூட்டும்போதே ஐமிச்சமாய்த்தான் இருந்தது. நீர் வேகமாய் ஓடமாட்டீர் என்று விட்டுவிட்டேன். அது என்ரை பிழை. இரும், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போம்” என்றார்.

அந்த ‘நீர்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டபின்பே எம் நெஞ்சின் நடுக்கமும் நின்றது. ஆய்வுகூடத்தின் வாயிலையே மிதியாத அவர், சில்லைக் காணாமலே காரணத்தை ஊகித்தார். அங்கு ஈராண்டு பயின்ற நாம், காரணத்தைக் கையிற் பிடித்துக்கொண்டே அவரைக் குற்றஞ் சாட்டினோம்.

அவர் பெயரை இம்மலரிற் பொறிக்க விரும்பினோம். “நான் எட்டோடு நின்றவன், பழைய மாணவன் என்று சொல்லலாமோ?” என்று மறுத்துவிட்டார். சங்கத்தின் அங்கத்துவப் படிவமொன்றைக் கொடுத்தோம். வாங்கி மேசை இலாச்சிக்குள் வைத்தார். நிரப்பினாரோ என்று நாம் கேட்கவில்லை. விழா நாளன்று அவர் வருவாராயின், கல்லூரி வாயிலில் அவரை எதிர்கொள்ள நாம் நிற்போம்.