சித்தப்பா அன்னிக்குக் குடிக்கலை!

செஞ்சிக்குப் பக்கத்துல இருக்கிற சிங்கவரம்தான் எங்க ஊர். பல்லவர் காலத்துல குன்றைக் குடைஞ்ச குகையில ரங்கநாதர் ஹாயா படுத்திருப்பார். சின்ன வயசுல படி ஏற அடம்பிடிச்ச என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனது சித்தப்பாதான். அதே மனுஷன் போன புரட்டாசி சனிக்கிழமை பத்துப் படி ஏறிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்துட்டார். கை குச்சி, வயிறு பானை. ''தொப்பை போட்டுருச்சு சித்தப்பா!''ன்னு கிண்டல் வேற பண்ணினேன். (இப்ப நினைச்சா என்னையே நாலு சாத்தணும் போல இருக்கு.)

அது தொப்பை இல்லை, தண்ணீர். குடியால கல்லீரல் தழும்பேறி இறுகிட்டா, குடல்லேர்ந்து வர்ற ரத்தம் உள்ளே போக முடியாம முட்டும். நீர் கசிஞ்சு வயித்துல தேங்கும். மெக்கானிக்கல் பாஷையில சொன்னா... அடைச்ச ஃபில்டர், எகிறுற பிரஷர். உணவுக்குழாய்ல ஒரு 'பைப்' வெடிச்சா, ரத்த வாந்திதான்!

ஐப்பசியில ஒரு ராத்திரி. ஒரு வாரமாவே பகல்ல தூக்கம், ராத்திரியில முழிப்புன்னு இருந்தவர், அன்னிக்குக் குழறினார். கை நடுங்குது. என்னைப் பார்த்து ''யாரு?''ங்கறார். ''சத்தியம் பண்ணிட்டுத் திரும்பவும் போட்டுட்டு வந்திருக்கியேடா!''ன்னு ஆயா அழ, அப்பா கன்னத்துல ஒண்ணு விட்டார். ''இல்லேண்ணா...''ன்னார் சித்தப்பா. யாரும் நம்பலை.

விடிஞ்சதும் ஆஸ்பத்திரி. ''இவர் குடிக்கலைப்பா. கல்லீரல் பிரிச்சு அனுப்பவேண்டிய அம்மோனியா ரத்தத்துலயே தங்கி, மூளையைக் குழப்புது. மலச்சிக்கல் வந்தாலே இது கிளம்பிடும்''னார் டாக்டர். கொடுத்த மருந்து என்ன தெரியுமா? பேதியாகிற ஒரு இனிப்பு சிரப், லாக்டுலோஸ்! மூணாம் நாள் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா மட்டும் வார்டுக்கு வெளியவே நின்னார்.

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவங்களைக் கொன்னப்ப, டி.வி. முழுக்க அதுதான். டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்த 2003-லதான் சித்தப்பாவும் கூலி வேலைக்குப் போக ஆரம்பிச்சார். இருபது வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போன அவர் கல்லீரலுக்கு ஃபிளாஷ் நியூஸ் எல்லாம் கிடையாது.

ஹாஸ்டல்ல ''பீர்தானே மச்சி!''ன்னாங்க. கணக்குப் போட்டுக் காட்டினேன். 7 சதவிகித ஸ்ட்ராங் பீர் 650 மில்லியில் ஆல்கஹால் 45 மில்லி. 90 மில்லி பிராந்தியில 38 தான்! கொழுப்பு படியற முதல் கட்டத்துல கல்லீரல் வலிச்சுக் காட்டாது. ஆனா அப்ப குடியை விட்டா சில வாரத்துலயே தேறிடும். தினமும் குடிக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்தணும், திடீர்னு விட்டா வலிப்பு வரலாம்.

சித்தப்பாவுக்கு சிரப்பை அளந்து ஊத்திக் கொடுக்கறது இப்ப அப்பாதான். அந்த ராத்திரியைப் பத்தி ரெண்டு பேரும் இதுவரைக்கும் பேசிக்கலை.