பட்டரிப் பாட்டும் டைனமோப் பாட்டும்



எண்பதுகளின் நடுவில் தோப்பூரில் பிறந்த எங்களிடம் "ரஜினியா, கமலா?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடியும் முன்பே பதில் வரும். அதற்குக் காரணம் ஒரே ஒரு பாட்டு. 1995 பொங்கலுக்கு வெளிவந்த பாட்ஷா படத்தின் ஆட்டோக்காரன் பாட்டு. எழுதியவர் வைரமுத்து, இசை தேவா, பாடியவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம். படம் எங்கள் ஊருக்கு வந்து சேர நாளாயிற்று. பாட்டு அதற்கு முன்பே ரேடியோவில் வந்துவிட்டது.

எங்களுக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. கரண்ட் இல்லாத வீடுகள்தான் எங்கள் பக்கம் கூட. ரேடியோ என்றால் பட்டரி ரேடியோ. வாப்பாமார் வயலால் வந்து செய்தி கேட்க வேண்டும். உம்மாமாருக்கு முஸ்லிம் சேவை வேண்டும். மிஞ்சுகிற பட்டரிதான் எங்களுக்கு. பட்டரி இறங்கிப் போனால் வீச மாட்டோம். முற்றத்து வெயிலில் காயவைத்துப் போட்டால் இன்னும் இரண்டு பாட்டுக்குத் தாங்கும். எந்தப் பாட்டு போனாலும் மஃரிபுக்குப் பாங்கு கேட்டதும் ரேடியோ வாய் மூடிவிடும். யாரும் சொல்லத் தேவையில்லை.

பிறகு ஒரு வீட்டில் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்து, பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். ரஜினி காக்கிச் சட்டையோடு வந்ததும் எங்களுக்குக் குழப்பம். எங்களுக்குக் காக்கி என்றால் பொலிஸ். செக்பொயின்ட்டில் வாப்பாவின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற காக்கி. ஆனால் இந்தக் காக்கிக்காரர் சிரிக்கிறார், ஆடுகிறார், ஊருக்கு உதவுகிறார். மறுநாள் எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் டயர் உருட்டிய பொடியன்மார் எல்லாரும் ஆட்டோக்காரர்கள்தான்.

அதைவிடப் பெரிய விவாதம் ஒன்று நடந்தது. மாணிக்கம் என்ற ஆளுக்கு பாட்ஷா என்ற பெயர் எப்படி வந்தது? படத்தில் அவருடைய உயிர்ச் சிநேகிதன் பெயர் அன்வர் பாட்ஷா. அவனைக் கொன்றுவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் மாணிக்கம் தன் பெயரோடு சிநேகிதன் பெயரையும் சேர்த்துக்கொண்டு மாணிக் பாட்ஷா ஆகிறார். "அப்ப ரஜினி எங்கட ஆளா?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். "எங்கட ஆள் இல்ல, எங்கட ஆள்ர கூட்டாளி" என்று ஒரு காக்கா சொன்ன பதில்தான் எங்களுக்குப் பிடித்தது.

அந்த வயதில் எங்களுக்கு அப்படி ஒரு தமிழ்க் கூட்டாளி இருந்தானா என்றால், இல்லை. பள்ளிக்குடியிருப்பும் சம்பூரும் வேறு நாட்டில் இல்லை. சைக்கிள் மிதித்தால் போய்விடலாம். ஆனால் நடுவில் செக்பொயின்ட் இருந்தது. அதைவிட, இரண்டு பக்கத்துப் பெரியவர்களின் மனசுக்குள்ளும் பயம் இருந்தது. தொண்ணூறுகளில் இங்கே நடந்தவற்றை எழுதப் போனால் இந்தப் பதிவு போதாது. உங்களுக்கே தெரியும்.

2006 ஓகஸ்டில் நாங்களும் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு ஓடினோம். மூதூரும் தோப்பூரும் சனமில்லாமல் கிடந்தன. திரும்பி வந்தபோது வீடுகளில் எதுவுமில்லை. ரேடியோவை யார் தேடப் போகிறார்கள்?

அதற்குச் சில வருடங்கள் கழித்து எங்களில் மூன்று பேர் ஆசிரியர் பயிற்சிக்குக் கல்வியியற் கல்லூரிக்குப் போனோம். விடுதியில் எங்கள் அறையில் சம்பூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர். முதல் சில நாட்கள் இரண்டு பக்கமும் அளந்து அளந்துதான் பேச்சு. ஒருநாள் இரவு கரண்ட் போனது. எங்களில் ஒருவன் பழக்கதோஷத்தில் அந்த ஆட்டோக்காரன் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தான். இருட்டுக்குள் மறு கட்டிலிலிருந்து அடுத்த அடி வந்தது.

அன்றிரவு விடிய விடியப் பேசினோம். அவர்கள் பக்கம் பட்டரி கொண்டுபோகக் கட்டுப்பாடு. அதனால் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோ பாடுமாம். "மச்சான், மிதிக்கிறவன் களைச்சா எஸ்.பி.பி.யும் களைச்சிருவார்" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். நாங்கள் பட்டரியை வெயிலில் காயவைத்த அதே நேரத்தில், அவர்கள் அதே பாட்டுக்காகச் சைக்கிள் மிதித்திருக்கிறார்கள். ஒரு பாட்டைச் சேர்ந்து கேட்டிருக்கிறோம், ஒருவரையொருவர் தெரியாமல்.

அவர்களும் ஓடியவர்கள்தான். எங்களுக்கு முன்னரே, 2006 ஏப்ரலில். மட்டக்களப்புக்குப் போய், பிறகு கிளிவெட்டி முகாமுக்கு வந்து, தகரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தார்கள். சொந்தக் காணியில் கால் வைக்க 2015 வரை காத்திருந்தார்கள். நாங்கள் கந்தளாயில் பட்டதைப் பெரிதாக நினைத்திருந்தோம். அவர் கதையைக் கேட்டபின் யாருடைய கஷ்டம் பெரிதென்று ஒப்பிடுவதை விட்டுவிட்டோம்.

2020 செப்டம்பர் 25ஆம் திகதி எஸ்.பி.பி. காலமான செய்தி வந்தபோது எங்களுக்கு வந்த முதல் மெசேஜ் அவருடையது. "டைனமோ நின்றுவிட்டது மச்சான்." அதற்கு என்ன பதில் எழுதுவதென்று நெடுநேரம் தெரியவில்லை. அடுத்த வருடம் அண்ணாத்த படத்தில் ரஜினி அறிமுகமாகும் பாட்டில் அதே குரல் வந்தது. அவர் போனபின் வந்த பாட்டு. அப்போதும் ஆளுக்கு ஒரு மெசேஜ் போட்டுக்கொண்டோம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நாங்கள் இன்று உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அந்த நண்பர் அவர்கள் பக்கப் பாடசாலையில் படிப்பிக்கிறார். அரசாங்கம் தருகிற புத்தகங்கள் அங்கேயும் அவைதான். மொழியும் தமிழ்தான். ஆனால் ஒன்று தமிழ்ப் பாடசாலை, மற்றது முஸ்லிம் பாடசாலை. நோன்புக்கு எங்கள் பிள்ளைகளுக்கு லீவு. அப்போது அவர்களுக்குப் பள்ளிக்கூடம். அவர்களுக்குத் தவணை லீவு வந்தால் எங்களுக்குப் பாடம் நடக்கும். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சந்திப்பதே தமிழ்மொழித் தினப் போட்டியில்தான். அங்கேயும் எதிர் எதிர் அணியாக. செக்பொயின்ட் போய்விட்டது, பாலம் வந்துவிட்டது, ரோட்டு கார்பெட் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் வகுப்பில் கேட்டபோது, பள்ளிக்குடியிருப்பில் ஒரு கூட்டாளி இருக்கிறான் என்று கை உயர்த்தியவர் ஒருவரும் இல்லை.

எங்களுக்காவது ஒரு பாட்டு பொதுவாக இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு பாட்டு. ஒரே வீட்டில் காக்கா கேட்பது தங்கச்சிக்குத் தெரியாது.

ஆகவே அந்த நண்பரும் நாங்களும் ஒரு யோசனை செய்திருக்கிறோம். அதிபர்மாரிடமும் பேசத் தொடங்கிவிட்டோம். இரண்டு பாடசாலைப் பிள்ளைகளையும் ஒருநாள் ஒன்றாக உட்காரவைத்து, நம் நாட்டு அப்துல் ஹமீத் அவர்கள் உலகமெல்லாம் கொண்டுபோன பாட்டுக்குப் பாட்டு நடத்துவது. பரிசில்லை, கேடயமில்லை. அணிக்குப் பாதிப் பேர் அங்கிருந்து, பாதிப் பேர் இங்கிருந்து. சினிமாப் பாட்டு வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளை கீதம் பாடட்டும், நம் மூத்தம்மாமார் பாடிய கவி பாடட்டும். பகல் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் ஏற்பாடு எங்கள் பொறுப்பு.

ஒன்று மட்டும் எங்கள் கையில் இல்லை. அது உங்கள் சம்மதம். கடிதம் வீட்டுக்கு வரும்போது "எதுக்கு வீண் வேலை" என்று ஒதுக்கிவைக்காமல் ஒரு கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை அனுப்புங்கள். போய்விட்டு வந்த பிறகு பிள்ளையிடம் என்ன பாடினாய் என்று கேளுங்கள். அதோடு, பக்கத்தில் இருந்த பிள்ளையின் பெயர் என்ன என்றும் கேளுங்கள்.