டெலவேர் கம்பெனியும் ஓரிக்கை பாஸ்புக்கும்

பி.காம். படித்துவிட்டு ஓரிக்கையில் குடியிருந்தால் ஒரு வசதி. ஊரில் யாருக்கு எந்த ஃபாரம் வந்தாலும் முதலில் நம் வீட்டு வாசலுக்குத்தான் வரும். ரேஷன் கார்டில் பேர் நீக்கல், பான் கார்டில் பேர் திருத்தல், பாட்டிக்கு உயிர்ச் சான்று... "தம்பி காமர்ஸ் ஆச்சே!" என்று நீட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஃபீஸ்? அரை டஜன் வாழைப்பழம், அதிர்ஷ்டம் இருந்தால் கோயில் இட்லி. (காஞ்சிபுரம் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு எந்த ஆடிட்டராலும் பில் போட முடியாது.)

போன வருஷம் அப்படி வந்ததுதான் இந்தக் கேஸ். தறிக்காரர் வீட்டுப் பையன், வயது 24. அப்பா கீழே தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு பாவும் கோர்வையுமாக இருப்பார். பையன் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால். ஜக்கார்டுக்கு கிராஃப் போடப் பழகியவன், அதையே வைத்து அமெரிக்காவில் திரைச்சீலைத் துணி விற்கும் ஒரு பார்ட்டிக்கு டிசைன் போட்டுத் தந்துகொண்டிருந்தான். நம் ஊர் அன்னப்பட்சி அங்கே யார் வீட்டு ஜன்னலிலோ தொங்குகிறது.

"அண்ணா, அமெரிக்காவுல ஒரு கம்பெனி ஆரம்பிக்கணும். எவ்வளவு ஆகும்?"

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டீக்கடை வைக்கிற மாதிரி கேட்டான். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. மூன்று மாத வேலைக்கு 1,800 டாலர் பாக்கி. பார்ட்டியின் கணக்குப் பிரிவிலிருந்து, 'உன்னிடம் கம்பெனி இருக்கிறதா? தனி ஆளுக்கு அனுப்புவதில் சிக்கல்' என்று ஒரு மெயில். உடனே பையன் போனில் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்துவிட்டான். டெலவேரில் கம்பெனி, அமெரிக்க பாங்க் அக்கவுன்ட், கார்டில் பணம் வாங்கும் வசதி, எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய். ஏழே நாள். வீட்டை விட்டு வெளியே வரவேண்டியதில்லை. அந்த 48,000, புது ஜக்கார்டு பெட்டிக்காக அப்பா எடுத்து வைத்திருந்த பணம்.

"ஒரு நாள் டயம் குடு" என்றேன்.

ஓரிக்கைக்காரனிடம் விலாசத்தைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெயருக்கே ஒரு கதை உண்டு. பல்லவ ராஜா கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொன்னார். அவன் குரு திருமழிசை ஆழ்வாரும் கூடவே கிளம்பினார். ஆழ்வார் சொன்னார் என்று திருவெஃகா பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். மூன்று பேரும் ஒரு ராத்திரி தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை'. அதுதான் தேய்ந்து ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். ராஜா வந்து கெஞ்சினார், எல்லோரும் திரும்பிப் போனார்கள். ஒரே ஒரு ராத்திரி தங்கியதற்கு ஊருக்கே பேர்!

டெலவேரில் அந்த ஒரு ராத்திரியும் தேவையில்லை. வில்மிங்டன் நகரத்தில் 1209, நார்த் ஆரஞ்சு தெரு என்று ஒரு கட்டடம். பெரிய மாளிகை எல்லாம் இல்லை, சாதாரண ஆபீஸ். அந்த ஒரு விலாசத்தில் 2,85,000 கம்பெனிகள் பதிவாகியிருப்பதாக 2012-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டால்கூட காஞ்சிபுரம் முழுக்கப் பந்தல் போட வேண்டியிருக்கும்.

ஆக, கம்பெனி பதிவு செய்வது பிரமாதம் இல்லை. ஏஜென்ட் சொன்னது அதுவரைக்கும் வாஸ்தவம். பையன் இன்னொன்றும் படித்து வைத்திருந்தான்: எஸ்தோனியா. 2014 டிசம்பரில் அந்தக் குட்டி நாடு 'இ-ரெசிடென்ஸி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. உலகத்தில் எங்கே இருப்பவனும் விண்ணப்பித்து ஒரு அட்டை வாங்கலாம். அதை வைத்து வீட்டிலிருந்தே கம்பெனி தொடங்கலாம், கையெழுத்துப் போடலாம். குடியுரிமை கிடையாது, விசாவும் கிடையாது. அட்டையை வாங்க மட்டும் டெல்லி தூதரகம் வரை ஒரு நடை.

தகராறு அடுத்த படியில்தான். கம்பெனிக்கு அப்பன் அரசாங்கம். அது கேட்பது ஃபீஸ். பாங்க் கேட்பது, "நீ யார்?"

இதற்கு ஒரு காரணம் அதே எஸ்தோனியாவில் நடந்தது. டென்மார்க்கின் டான்ஸ்கே பாங்குக்கு அங்கே ஒரு கிளை இருந்தது. 2007-லிருந்து 2015 வரை வெளிநாட்டுக்காரர்கள் கணக்குகள் வழியாக ஏறக்குறைய 20,000 கோடி யூரோ அதில் போய்வந்தது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்கு உரியது என்று 2018-ல் அந்த பாங்க் வைத்த விசாரணையே சொன்னது. பேப்பர் கம்பெனி, முதலாளி யாரென்று தெரியாது, பணம் எங்கிருந்து வந்தது தெரியாது. 2022 டிசம்பரில் அமெரிக்கக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 200 கோடி டாலர் கட்டினார்கள். அவ்வளவு பணம் கட்டின பிறகு, ஓரிக்கையிலிருந்து ஒருவன் கம்பெனிப் பேரில் கணக்குக் கேட்டால் எந்த பாங்க்தான் சிரித்த முகத்தோடு காபி கொடுக்கும்? கம்பெனிக்கு உண்மையான சொந்தக்காரன் யார், இந்த நாட்டில் உனக்கு என்ன வேலை, வாடிக்கையாளர் யார், விலாசத்துக்கு அத்தாட்சி எங்கே என்று குடையத்தான் செய்வான். கார்டில் பணம் வாங்கித் தரும் கம்பெனிகளும் இதே கேள்விகளைத்தான் கேட்கின்றன.

இதில் நமக்குக் கோபம் வரக்கூடாது. ஓரிக்கையைத் தாண்டிப் போகிற ரோடு உத்திரமேரூருக்குப் போகிறது. அங்கே பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921. குடவோலையில் பேர் எழுத ஒருவனுக்கு என்னென்ன வேண்டும்? வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும் (விலாசச் சான்று!). வயது 35-க்கு மேல், 70-க்குள். முக்கியமாக, முன்னால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பேரை எழுதக்கூடாது. அவனோடு விட்டார்களா? அவன் சித்தி மகன், அத்தை மகன், மாமனார், மைத்துனன் வரை ஒதுக்கிவிட்டார்கள். இன்றைய கே.ஒய்.ஸி.கூட மாமனார் வரைக்கும் போவதில்லை.

எஸ்தோனியாவை ஒதுக்கிவிட்டு, மறுநாள் பையனை வைத்துக்கொண்டே ஏஜென்ட்டுக்கு போன் போட்டேன். மரியாதையாக ஒரே ஒரு கேள்வி.

"ஸார், 5472-ம் நம்பர் ஃபாரம் யார் போடுவாங்க? நீங்களா, நாங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. "அது... வருஷ முடிவுல பார்த்துக்கலாம் ஸார்."

பார்த்துக்கொள்ளலாம்தான். வெளிநாட்டுக்காரன் ஒருவனே சொந்தக்காரனாக இருக்கும் அமெரிக்க எல்.எல்.சி., அந்த ஃபாரத்தை வருஷா வருஷம் அங்குள்ள வரித் துறைக்குத் தர வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலர். பையனின் மொத்தப் பாக்கி 1,800 டாலர் என்பதை இந்த இடத்தில் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அது அந்தக் கரை. இந்தக் கரையில் 2022 ஆகஸ்ட்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள். இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டில் கம்பெனி தொடங்கிப் பங்கு வாங்கினால் அது முதலீடு. நம் பாங்க் வழியாக ரிசர்வ் பாங்கிடம் சொல்லி ஒரு நம்பர் வாங்க வேண்டும். வருஷா வருஷம் டிசம்பர் 31-க்குள் அந்தக் கம்பெனி எப்படி நடக்கிறது என்று ரிப்போர்ட். வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கென்று தனி அட்டவணை. அதில் அந்தக் கணக்கையும் பங்கையும் காட்டாவிட்டால், 2015-ல் வந்த கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் என்று இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து, நிலம், வீடு தவிர மற்றவை 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள். ஆனால் காட்ட வேண்டியதைக் காட்டத்தான் வேண்டும். இத்தனையும் செய்தால்கூட, ஓரிக்கை மாடியில் உட்கார்ந்து சம்பாதித்ததற்கு வரி நம் ஊரில்தான்.

வெளிநாட்டுக் கம்பெனியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்து பேரை வேலைக்கு வைத்து, நாலு நாட்டுக்காரர்களிடம் கார்டில் பணம் வாங்கி சாஃப்ட்வேர் விற்பவனுக்கு அது தேவைப்படலாம். 2024 மே மாதம் ஸ்ட்ரைப் கம்பெனி இந்தியாவில் புதுக் கணக்கு 'அழைத்தால்தான்' என்று மாற்றியது. கார்டு வசதிக்காகவே அங்கே கம்பெனி பதிவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆடிட்டர் ஃபீஸ் கட்டத் தெம்பு இருக்கிறது. ஒரே ஒரு பார்ட்டிக்காக ஒரு கம்பெனி என்பது, ஒரு கட்டு வைக்கோலுக்காக லாரி வாங்குவது.

(தமிழனுக்குக் கடல் தாண்டிப் பணம் அனுப்புவது புதிதே இல்லை. 1937 பிப்ரவரி 10-ம் தேதி எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியபோது ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று கிளை. அதற்கு முன்னாலேயே நகரத்தார் உண்டியல் பர்மாவுக்கும் பினாங்குக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவர்களுக்கு அந்தக் கரையில் சொந்த ஆள் உட்கார்ந்திருந்தார். நமக்கு இருப்பது ஒரு பாஸ்வேர்டு.)

சரி, பாக்கிப் பணம்? பார்ட்டிக்கு நான் சொல்லச் சொல்லப் பையன் மெயில் அடித்தான். 'எங்களிடம் கம்பெனி இல்லை. நான் இந்தியாவில் குடியிருக்கும் தனி ஆள். வேலை முழுவதும் இந்தியாவில் செய்தது. உங்கள் கணக்குக்கு என்ன காகிதம் வேண்டும்?' இரண்டு நாளில் பதில் வந்தது. டபிள்யூ-8 பென் என்று ஒரு ஃபாரம். ஒரே பக்கம். பேர், விலாசம், பான் நம்பர், கையெழுத்து. அமெரிக்காவில் செய்யாத வேலைக்கு அங்கே வரி பிடிக்க வேண்டியதில்லை. அதைத் தன் ஃபைலில் வைத்துக்கொள்ள அந்தக் குமாஸ்தாவுக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 48,000 ரூபாய் மாடிப்படி இறங்கி மறுபடி பீரோவுக்குப் போனது.

முடிந்தது என்று நினைத்தீர்களா? தமிழன் பேர் இருக்கிறதே!

நமக்கு இருப்பது ஒரு பேர், ஒரு இனிஷியல். உலகத்து ஃபாரம் எல்லாம் கேட்பது முதல் பேர், கடைசிப் பேர். பான் கார்டில் அப்பா பேர் கடைசிப் பேராக நின்றுகொண்டிருந்தது. பாஸ்புக்கில் வெறும் இனிஷியல். பணம் கிளம்பி, இரண்டும் வேறு ஆளோ என்ற சந்தேகத்தில் நடுவழியில் 11 நாள் நின்றது. போதாக்குறைக்கு அமெரிக்காவிலிருந்து வந்த மெயில் எல்லாம் அப்பா பேருக்கு 'மிஸ்டர்' போட்டு! பையன் படித்துக் காட்டியபோது அப்பா தறியை நிறுத்திவிட்டு, "நான் யாருக்குடா டிசைன் போட்டேன்?" என்றார். ஆதார் நகல், பான் நகல், ஒரு விண்ணப்பம் என்று பாங்கில் பேரை நீட்டி எழுத வைத்த பிறகுதான் பணம் மறுபடி நகர்ந்தது. வெளிநாட்டு வேலை எடுக்க நினைக்கிற தம்பிகள், முதல் பில் போடுவதற்கு முன்னால் பான், பாஸ்புக், பாஸ்போர்ட் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே ஆள்தானா?

அந்த 11 நாளும் பையன் தூங்கவில்லை. எனக்கு 2010 ஞாபகம் வந்தது. அந்த பிப்ரவரியில் பேபால், இந்தியக் கணக்குகளிலிருந்து இங்குள்ள பாங்குக்குப் பணம் எடுப்பதைத் திடீரென்று நிறுத்தியது. காலேஜில் எனக்கு சீனியர் ஒருத்தர் வெளிநாட்டுக்குக் கட்டுரை எழுதிச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். மெஸ் பில் கட்ட முடியாமல் திண்டாடினார். பிறகு வழி திறந்தது, 2011 மார்ச்சிலிருந்து ஒரு தடவைக்கு 500 டாலர்தான் என்று. அதே வருஷம் அக்டோபரில் 3,000, 2013-ல் 10,000 என்று ரிசர்வ் பாங்க் உயர்த்தியது. 2023 அக்டோபர் 31-ல் விதியையே மாற்றி, நாடு தாண்டிய பணத்தைக் கையாளும் கம்பெனிகளை நேராகத் தன் கண்காணிப்பில் கொண்டுவந்தது. வரம்பும் ரூபாயில் 25 லட்சம் ஆயிற்று. இந்தப் பையனுக்கு இந்தச் சரித்திரம் எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசியில் பாங்கிலிருந்து போன். "எதுக்காக வந்த பணம்? கோடு சொல்லுங்க." வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு காசுக்கும் ஒரு காரணக் கோடு உண்டு. மென்பொருள் ஆலோசனை என்றால் பி 0802. வெளிநாட்டு உறவினர் குடும்பச் செலவுக்கு அனுப்பியது என்றால் பி 1301. 'ஏதோ ஒன்று போடுங்க ஸார்' என்று சொல்லிவிட்டால் போச்சு, உழைத்த கூலி மாமா அனுப்பிய அன்பளிப்பாகிவிடும். பிறகு வரி ஆபீஸில் அந்த மாமா யார் என்று கேட்டால் எங்கே போவது? பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதிய வேலைக்குப் பொருந்தும் கோடைப் பாங்க் லிஸ்ட்டில் தேடிச் சொன்னோம். பணம் வந்ததற்கான அத்தாட்சிக் காகிதத்தையும் கையோடு கேட்டு வாங்கிக்கொண்டோம்.

பாஸ்புக்கைப் போட்டு எடுத்தால் 1,800 டாலருக்குப் பதில் 1,772 டாலருக்கு உண்டான ரூபாய். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, நடுவுல 28 டாலர் யார் எடுத்தா?"

ஸ்விஃப்ட் என்பது 1973-ல் பெல்ஜியத்தில் தொடங்கிய செய்தி அனுப்பும் ஏற்பாடு. அதில் போவது தகவல்தான். பணம் ஒரு பாங்க் இன்னொரு பாங்கில் வைத்திருக்கும் கணக்கில் கழிந்து, கூடி வருகிறது. இரண்டு பாங்குக்கும் நேரடிப் பழக்கம் இல்லையென்றால் நடுவில் ஒரு பாங்க் நிற்கும், கூலி எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் சொன்னேன்.

"சங்கத்துலயும் கூலியில பிடிப்பாங்க தம்பி. அது சேமிப்புன்னு பாஸ்புக்குல ஏறும். இது எதுல ஏறும்?"

எதிலும் ஏறாது ஐயா என்றேன். பையன் அடுத்த பில்லில் 'பாங்க் செலவு அனுப்புகிறவருடையது' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தான்.