சக படைப்பாளியின் நிரலைப் படித்தல்

கைப்பிரதியை நண்பரிடம் கொடுத்துவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை காத்திருப்பதன் அவஸ்தையை எழுதுகிறவர்கள் அனைவரும் அறிவர். பெருநிறுவனங்களின் முதலீடு ஏதுமின்றித் தனியாகவோ இருவர் மூவராகச் சேர்ந்தோ கணினி விளையாட்டுகளை ஆக்கும் சுயாதீனப் படைப்பாளிகளுக்கும் இந்த அவஸ்தை உண்டு. அவர்களுக்கு அதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. சிறுகதை எந்தத் தாளில் அச்சானாலும் அதே சிறுகதைதான். விளையாட்டோ ஒவ்வொரு கணினியிலும் புதிதாக நிகழ்கிறது. ஆக்கியவர் அனுப்பியதும் நாம் ஆடியதும் ஒன்றுதானா என்பதே முதலில் தீர்க்கவேண்டிய கேள்வியாகிவிடுகிறது.

நாங்கள் மூவர். பகலில் பிழைப்புக்கான வேலையும் இரவில் சிறு விளையாட்டுகளுமாகக் காலம் கழிப்பவர்கள். லுடும் டேர் என்னும் இணையவழிப் போட்டி எங்களுக்கு அவ்வாறுதான் பழக்கமாயிற்று. 2002இல் தொடங்கிய அப்போட்டியின் மூல விதி எளிது. ஒரு கருப்பொருள் அறிவிக்கப்படும். 48 மணி நேரத்துக்குள் நிரல், ஓவியம், ஒலி அனைத்தையும் ஒருவரே செய்து முடித்து, மூல நிரலோடு வெளியிடவேண்டும். தனி நடுவர்கள் கிடையாது. பங்கேற்றவர்களே அடுத்த சில வாரங்களில் ஒருவர் ஆக்கத்தை மற்றவர் ஆடிப் பார்த்து மதிப்பெண்ணும் கருத்தும் வழங்கினார்கள். பிறர் ஆக்கங்களுக்கு எவ்வளவு கருத்துரைத்தோமோ அவ்வளவுக்கு நம் ஆக்கமும் பிறர் கண்ணில் படும்படி ஏற்பாடு இருந்தது. மொய் எழுதிப் பழகிய சமூகத்தவரான எங்களுக்கு இது புரியாத ஏற்பாடு அல்ல. மொய்யைப் போலவே இதிலும் கடமைக்குச் செய்வது மிகுதி. ‘நன்று, இன்னும் சில நிலைகள் சேர்க்கலாம்’ என்று பத்து நொடியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். இரண்டு இரவுகள் உறங்காதிருந்தவருக்கு அந்த வரியால் என்ன பயன்?

ஆக்குவது தனித்தனியே என்றாலும், கருத்தெழுதுவதைச் சேர்ந்து செய்வதென்று நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். முதலில் மூவரும் ஒருவரோடொருவர் பேசாமல் ஆடுவோம். ஒவ்வொருவரும் தமக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். எங்கே நின்றோம், எந்த விசையை வீணாக அழுத்தினோம், எப்போது சலித்தோம் என்பனவே குறிப்புகள். எப்படி இருந்திருக்கவேண்டும் என்பது அதில் வரக்கூடாது. குறிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படித்த பிறகே ஆலோசனை.

இந்த வழக்கத்தின் பயனை ஒரு விண்வெளி விளையாட்டு காட்டியது. பாறைகளைத் தவிர்த்துக் கலத்தைச் செலுத்துவது ஆட்டம். எங்களில் ஒருவரால் இருபது நொடிகளைத் தாண்ட இயலவில்லை. இன்னொருவர் கொட்டாவி விட்டார். மூன்றாமவர் நன்றாக இருக்கிறது என்றார். ஏனையோர் எழுதிய கருத்துகளிலும் ‘மிகக் கடினம்’, ‘மிக எளிது’ என்ற இரண்டு கட்சிகள். ஆக்கியவர் குழம்பிப்போய், பாறைகளைப் பாதியாகக் குறைக்கப்போவதாக அறிவித்திருந்தார்.

மூல நிரலைத் திறந்து பார்த்தோம். கலமும் பாறைகளும் ஒவ்வொரு சட்டகத்துக்கும் இத்தனை புள்ளிகள் நகரவேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. நொடிக்கு 60 சட்டகங்கள் வரையும் திரையில் அது அவர் எண்ணிய விளையாட்டு. முதலாமவரின் திரை நொடிக்கு 144 சட்டகங்கள் வரைவது; அங்கே எல்லாம் 2.4 மடங்கு வேகம். இரண்டாமவரின் பழைய மடிக்கணினி 30 சட்டகங்களுக்கே திணறுவது; அங்கே பாதி வேகம். மூவரும் மூன்று விளையாட்டுகளை ஆடியிருந்தோம். பாறைகளைக் குறைத்திருந்தால் கொட்டாவி விட்டவர் உறங்கியே போயிருப்பார்.

கடந்துபோன நேரத்தால் வேகத்தைப் பெருக்குவது இதற்கு முதல் மருந்து. ஈர்ப்பு, முடுக்கம் போன்றவை சேரும்போது அதுவும் போதாது. சட்டக எண்ணிக்கைக்கேற்பத் தாவலின் உயரம் சற்றே மாறும். ஆகவே விளையாட்டின் விதிகளை நொடியின் அறுபதில் ஒரு பங்கு என்பது போன்ற நிலையான அடிகளில் இயக்கி, எஞ்சிய நேரத்தைச் சேமித்து அடுத்த முறைக்குக் கொண்டுபோய், திரையில் வரைவதைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. கணினி ஒரு கணம் உறைந்தால் சேமிப்பு பெருகும், அதைத் தீர்க்க மேலும் அடிகள், அதனால் மேலும் தாமதம் என்ற சுழலில் சிக்காதிருக்கச் சேமிப்புக்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும். கிளென் ஃபீட்லர் 2004இல் எழுதிய கட்டுரை இதனைத் தெளிவாக விளக்குகிறது. மாற்றவேண்டிய வரிகளைக் குறிப்பிட்டு எழுதியதோடு, சரியாயிற்றா என்று சோதிக்கும் வழியையும் சேர்த்து அனுப்பினோம். சட்டகத்தை 30க்கும் 144க்கும் கட்டுப்படுத்தி, கலம் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் நேரத்தை அளந்து பாருங்கள் என்றோம். சோதிக்கும் வழியில்லாத ஆலோசனை வெறும் அபிப்பிராயம்தான்.

ஆடுபவரின் புகார் அநேகமாக எப்போதும் உண்மை. அவர் கூறும் தீர்வு அப்படியன்று. மேடை விட்டு மேடை தாவும் விளையாட்டுகளில் ‘அழுத்தினேன், தாவவில்லை’ என்ற புகார் ஓயாது வரும். ஆக்கியவர் நிரலைச் சோதித்து, ‘நீங்கள் விளிம்பைக் கடந்த பிறகே அழுத்தினீர்கள்’ என்பார். இருவர் சொல்வதும் மெய். கண்ணுக்கும் விரலுக்கும் இடையே உள்ள தாமதத்தை நிரல் பொறுத்துக்கொள்ளவேண்டும். 2018இல் வந்த செலஸ்ட் விளையாட்டில், விளிம்பை நீங்கிய பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாவ அனுமதி உண்டு. கேலிச்சித்திரத்தில் பள்ளத்தின் மேல் நின்றும் கீழே பார்க்கும்வரை விழாத ஓநாயை நினைத்து இதற்குக் ‘கயோட்டி நேரம்’ என்று பெயர். தரையைத் தொடுமுன் அழுத்திய விசையையும் சற்று நேரம் நினைவில் வைத்திருந்து, தொட்டவுடன் தாவவிடுவது இதன் இணை. சில வரிகளில் முடியும் இவ்வேலைக்காக, தாவும் உயரத்தைக் கூட்டுமாறு கேட்டவர்கள் பலர்.

2007இல் வெளியான போர்ட்டல் விளையாட்டைப் பற்றி அதை ஆக்கியவர்களே சொன்ன செய்தி ஒன்றும் இங்கு பொருந்தும். ஒரு நிலை முழுவதும் கூடவே கொண்டுசெல்லவேண்டிய பெட்டியைச் சோதனையாளர்கள் வழியில் விட்டுவிட்டுப் போனார்கள். தீர்வாகப் பெட்டியின் பக்கங்களில் இதயம் வரையப்பட்டது. அதைத் துணைவன் என்று பேசவும் செய்தார்கள். அதன்பின் எவரும் அதைக் கைவிடவில்லை. இதயம் வரையுங்கள் என்று எந்தச் சோதனையாளரும் கேட்டிருக்கமாட்டார். அவர்கள் தந்தது அறிகுறியை மட்டுமே.

இவ்வளவும் சற்றுப் பழகினால் எவருக்கும் கைவரும். எங்களை நெடுநேரம் யோசிக்கவைத்தது வேறொரு விளையாட்டு. ஒரே வீடு, மூன்று அறைகள். நாம் ஒரு மூதாட்டி. காப்பி போடவேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனால் அது இருந்த அலமாரியில் இராது. திரும்பி வந்தால் அடுப்பின் மேல் வைத்த பாத்திரம் படுக்கையறையில் கிடக்கும். சில சமயம் கையில் எடுத்த பொருளே மறைந்துவிடும். கருத்துகள் கடுமையாக இருந்தன. பொருள்கள் இடம் மாறும் வழுவைச் சரிசெய்யுங்கள் என்றார்கள். மெதுவாக இருக்கிறது, நேரக் கணக்கும் புள்ளிகளும் சேருங்கள் என்றார்கள். ஆக்கியவர் எவருக்கும் பதில் எழுதவில்லை.

எங்கள் குறிப்புகளில் மூவருமே ஒரு சொல்லைத் தற்செயலாக எழுதியிருந்தோம்: மறதி. எனவே ஆலோசனை கூறுமுன் ஒரு கேள்வி மட்டும் கேட்டு எழுதினோம். பொருள்கள் இடம் மாறுவது நீங்கள் எண்ணிச் செய்ததா? பதில் அன்றிரவே வந்தது. எண்ணிச் செய்ததுதான் என்றும், அது தம் தாயாரின் வீடு, அந்தச் சமையலறை அவருடைய சமையலறை என்றும், விளையாட்டை மறுநாள் நீக்கிவிடப்போவதாகவும் எழுதியிருந்தார். விளக்கக் குறிப்பு சேர்த்தால் தாயாரை ஒரு நோயாளியாக மட்டும் காட்டியதாகிவிடும் என்பதால் பேசாதிருந்தாராம்.

ஆறுதல் சொல்வது அப்போது எளிதாக இருந்திருக்கும். ஆனால் எங்களை ஒன்று உறுத்தியது. இடம் மாறும் பொருள் வேறு, கையிலிருந்து மறையும் பொருள் வேறு. முன்னதற்கு ஓர் ஒழுங்கு தெரிந்தது, பின்னதற்குத் தெரியவில்லை. நிரலைத் திறந்தபோது காரணம் புலப்பட்டது. கையிருப்புப் பட்டியலை அவர் ஒவ்வோர் அறையின் உள்ளேயே வைத்திருந்தார். அறை மாறும் கணத்தில் ஒரு பொருளை எடுத்தால் பழைய அறையிலிருந்து அது நீங்கிவிடும். புதிய அறையோ வெறும் பட்டியலோடு தொடங்கும். ஆக, அவ்விளையாட்டில் இரண்டு மறதிகள் இருந்தன. ஒன்று தாயாருடையது, மற்றொன்று நிரலுடையது. ஆடியவர்கள் இரண்டாவதைக் கண்டு முதலாவதையும் வழுவென்று முடிவுகட்டியிருந்தார்கள்.

நாங்கள் எழுதியது சுருக்கமானது. கையிருப்பை அறைகளுக்கு வெளியே, ஆட்டம் முழுதும் நிலைக்கும் இடத்தில் வையுங்கள். பொருளை முதலில் கையில் சேர்த்து, அது சேர்ந்ததை உறுதிசெய்த பின் அறையிலிருந்து நீக்குங்கள். கையில் இருப்பது கையிலேயே இருக்கும் என்ற ஒரு நம்பிக்கையை ஆடுபவருக்குக் கொடுத்துவிட்டால், மற்ற எல்லாம் நழுவுவதை அவர் தாமே உணர்வார். வேறெதையும் தொடவேண்டாம். புள்ளிகள் வேண்டாம்.

அவர் விளையாட்டை நீக்கவில்லை. திருத்தம் ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. சலிப்பாக இருக்கிறது என்று அதன் பிறகும் சிலர் எழுதினார்கள். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. பட்டியலில் அது முன்னிடம் எதையும் பெறவில்லை. ஆயினும் அறை மாறும்போது கையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்பின் அறியாத ஒருவர் எழுதியிருந்ததை எங்களுக்கு எடுத்து அனுப்பியிருந்தார்.

இடித்துரைத்தலை நட்பின் கடமையாக வைத்தார் வள்ளுவர். இடிக்குமுன், எது சுவர், எது வாசல் என்று பார்க்கவேண்டியிருக்கிறது. தொழில்நுட்ப அறிவு அங்கேதான் உதவுகிறது. பிறர் ஆக்கத்தில் எது தவறி நேர்ந்தது, எது எண்ணி வைத்தது என்று பிரித்தறிய ரசனை மட்டும் போதாது. நிரலையும் படிக்கத் தெரியவேண்டும். நிரல் மட்டும் தெரிந்தவரோ அச்சமையலறையை ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டுப் போயிருப்பார்.

சில மாதங்கள் கழித்து அவரிடமிருந்து இன்னொரு விளையாட்டு வந்தது, வெளியிடுவதற்கு முன்பே. கூடவே ஒரு வரி: எதுவும் சொல்லவேண்டாம், எங்கே நின்றீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.