பசிபிக் கரையோரம் – 6: நிலக்கரி கட்டிய மாளிகை

கனடாவின் விக்டோரியா நகரில், ஒரு மேட்டின் மீது கிரெய்க்டாரோக் மாளிகை நிற்கிறது. 39 அறைகள், கோபுர உச்சிக்கு 87 படிகள். உள்ளே போனதும் ஓக் மரப் படிக்கட்டு நம்மை நிறுத்திவிடுகிறது. சிகாகோவில் இழைத்து, ரயிலேற்றிக் கொண்டுவந்து பொருத்திய வேலை அது. சுவர்ப் பலகைகளின் மூலை இணைப்பைக் குனிந்து பார்த்தேன். நகம் நுழைய இடமில்லை. இவ்வளவு நேர்த்திக்கும் பணம் கொடுத்தது நிலக்கரி.

இதைக் கட்டத் தொடங்கிய ராபர்ட் டன்ஸ்மூர், ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் சுரங்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஹட்சன்ஸ் பே கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளியாக 1851இல் வான்கூவர் தீவுக்கு வந்தார். மனைவி ஜோன் நிறைமாதக் கர்ப்பிணி. வரும் வழியிலேயே மகன் ஜேம்ஸ் பிறந்தான். 1869இல் அந்தத் தீவின் நனைமோ ஊருக்கு அருகே வெலிங்டன் நிலக்கரிப் படிவத்தைக் கண்டுபிடித்தார் ராபர்ட். அதன்பின் அவர் கை வைக்காத தொழில் இல்லை. 1886இல் ரயில் பாதையும் போட்டு முடித்தார்.

சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் கதை வேறு. 1877இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது படை வரவழைக்கப்பட்டது. கம்பெனி வீடுகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. சீனத் தொழிலாளிகளுக்கோ வெள்ளையரைவிட மிகக் குறைந்த கூலி. தானும் கரி வெட்டிய ஒருவர் இப்படி நடந்துகொண்டார் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

மாளிகை முடியுமுன்பே, 1889இல், ராபர்ட் இறந்தார். சொத்து முழுவதையும் ஜோன் பெயருக்கே எழுதியிருந்தார். தொழிலைக் கட்டி நடத்திய ஜேம்ஸும் தம்பி அலெக்சாண்டரும் தங்கள் பங்குக்காகத் தாயோடு பத்தாண்டு மல்லுக்கு நின்றார்கள். 1900இல் அலெக்சாண்டர் இறக்க, அவர் உயில்படி சொத்து ஜேம்ஸுக்குப் போனது. அதே ஆண்டு ஜேம்ஸ் பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதல்வரானார். அந்த உயில் விவகாரத்தில் பெற்ற தாயே அவருக்கு எதிராக நீதிமன்றம் ஏறினார். வழக்கில் மகன் ஜெயித்தார், உறவு முறிந்தது.

பிறகு 1908இல் ஜேம்ஸ் ஊருக்கு வெளியே கடலோரமாக ஹாட்லி மாளிகையைக் கட்டினார். அதே ஆண்டு தாய் காலமானார். ஜேம்ஸின் வாரிசாகக் கருதப்பட்ட மகன், முதல் உலகப் போரில் சேரப் புறப்பட்டு, 1915இல் லூசிடானியா கப்பலோடு மூழ்கினான். ரயில் பாதையையும் சுரங்கங்களையும் ஜேம்ஸ் அதற்கு முன்பே விற்றிருந்தார். தொழிலாளியாக வந்த தாத்தா, முதல்வரான மகன், கடலில் போன பேரன் என மூன்றே தலைமுறையில் ஒரு சாம்ராஜ்யம் எழுந்து கலைந்தது.

கிரெய்க்டாரோக் பின்னாளில் ராணுவ மருத்துவமனையாக, கல்லூரியாக, இசைப்பள்ளியாக இருந்தது, இன்று அருங்காட்சியகம். ஹாட்லி இன்று ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. இரண்டும் பொதுமக்கள் கைக்கு வந்ததில் எனக்கு மனநிறைவு. அந்தச் செல்வத்தை மண்ணுக்கடியிலிருந்து தோண்டிக் கொடுத்தவர்களுக்கு அதில் உரிமை உண்டு. டன்ஸ்மூர் வரலாற்றைச் சொல்பவர்கள் அவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தச் சுரங்கத் தொழிலாளிகள் வாழ்ந்த நனைமோவுக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)