எவ்வளவு நேரம் இருக்கிறது, டாக்டர்?

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் நாய் செவலைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் போனில் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை மனதில் தங்கிவிட்டது. "டாக்டர் ஏதோ பையோன்னார். நாங்க தலையை ஆட்டிட்டு வந்துட்டோம். மறுநாள் அது எழுந்திரிக்கலைன்னதும்தான் திரும்ப ஓடினோம்" என்றீர்கள். அந்த ஒரு ராத்திரியை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே பினாங்கின் ஆயர் ஈத்தாமில் பூனை இல்லாத சந்து கிடையாது. கெக் லோக் சி கோயிலுக்கு ஏறும் வழியில், பாசார் கடைகளின் அடியில், ஃபார்லிம் பக்கத்து மாடி வீடுகளின் படிக்கட்டுகளில் எங்கும் பூனைதான். மாடி வீடுகளில் பெரும்பாலும் நாய்க்கு இடம் தரமாட்டார்கள். அதனால் மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருமே பூனைக் கூடையோடு வந்து கிளினிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் மலாய், ஹொக்கியென், ஆங்கிலம் மூன்றையும் கலந்து பேசுவார். நோயின் பெயர் மட்டும் எல்லாருக்கும் ஆங்கிலத்தில்தான். எல்லாரும் தலையாட்டுவார்கள். இந்தத் தலையாட்டல் ஊருக்கு ஊர் மாறுவதில்லை.

நோயின் பெயரை நாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், அக்கா. அந்தப் பெயர் நமக்கு எவ்வளவு நேரம் தருகிறது என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். சில பெயர்கள் மணிக்கணக்கில் அவகாசம் தரும், சில மாதக்கணக்கில், சில ஆயுசுக்கும்.

செவலைக்கு வந்த பையோமெட்ரா என்பது கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது. கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு, பருவம் முடிந்த சில வாரங்களில் வரும். தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கும், சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது. டாக்டர் இதில் 'ஓப்பன்', 'க்ளோஸ்டு' என்று இரண்டு வகை சொல்வார். ஓப்பன் என்றால் சீழ் வெளியே வடிகிறது, நாம் கண்ணால் பார்க்கிறோம். க்ளோஸ்டு என்றால் வாய் மூடிக்கிடக்கிறது. வெளியே ஒரு சொட்டும் வராது, வயிறுதான் உப்பும், விஷம் ரத்தத்தில் ஏறும். பார்வைக்குச் சுத்தமாக இருப்பதுதான் அதிக ஆபத்து. க்ளோஸ்டு என்று காதில் விழுந்தால் "நாளைக்கு வரட்டுமா?" என்ற கேள்விக்கே இடமில்லை, அன்றைக்கே அறுவை. கருத்தடை செய்திருந்தால் இந்த நோய்க்கே அநேகமாக வழியில்லை. இதை நம் ஊரில் எல்லாரும் உரக்கச் சொல்ல வேண்டும்.

இங்கே இதே அவசரம் ஆண் பூனைக்கு வரும். என் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவின் பூனை ஒருநாள் மணல் தட்டில் போய் உட்கார்ந்தது, முக்கியது, இறங்கியது, திரும்பவும் ஏறியது. மலச்சிக்கல் என்று நினைத்து அவர் பூசணிக்காயை வேகவைத்து ஊட்டப் பார்த்தார். நான் மணலைக் கிளறிப் பார்த்தேன். எங்கும் ஈரக்கட்டியே இல்லை. கிளினிக்கில் டாக்டர் அடிவயிற்றில் இரண்டு விரலை வைத்ததும் பூனை அலறியது. மூத்திரப்பை கல்லாக இறுகியிருந்தது. "ப்ளாக்டு" என்றார். ஆண் பூனையின் மூத்திரக்குழாய் மிகக் குறுகல். உப்புப் பரல்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத்தின் துடிப்பையே குலைக்கும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாயை ஏற்றி, கழுவி, டிரிப்ஸ் போட்டார்கள். பிழைத்துக்கொண்டது.

இதற்கு நேரெதிர் 'க்ரானிக் கிட்னி'. வயசான பூனைகளுக்கு இது சர்வசாதாரணம். ரத்தச் சீட்டில் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது என்று சொல்லும்போதே சிறுநீரகத்தின் வேலையில் சுமார் முக்கால் பங்கு போயிருக்கும். பயமாகத்தான் இருக்கும். ஆனால் க்ரானிக் என்ற சொல், ஓட வேண்டாம், கூடவே நடந்தால் போதும் என்கிறது. உணவை மாற்றி, தண்ணீரைக் கூட்டி, வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அதே கிட்னிக்கு முன்னால் 'அக்யூட்' என்று வந்தால் கதையே வேறு, உடனே ஓட வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு இங்கே வீடுகளில் வைக்கும் லில்லிப் பூவைக் கடித்த பூனைக்கு வருவது அந்த வகை. பூவின் மகரந்தம் பட்ட உடம்பை நக்கினாலே போதும்.

மூன்றாவது கணக்கு, மருந்தை எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்பது. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு டாக்ஸிசைக்ளினை வழக்கமாக 28 நாள் எழுதுவார்கள். மூன்றாம் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு சோறு தின்னும், நாமும் மாத்திரையை நிறுத்திவிடுவோம். கிருமி உள்ளேயே இருக்கும். இங்கே பூனைகளுக்கு 'ஸ்போரோ' என்று ஒரு பூஞ்சைப் புண் வருகிறது. மூக்கின் மேல் ஆறாத ரணமாகக் கிளம்பும். கீறினால் நமக்கும் தொற்றும், கையுறை போட்டுத்தான் மருந்து கொடுக்க வேண்டும். புண் ஆறிய பிறகும் ஒரு மாதமாவது மருந்து தொடர வேண்டும். மாதக்கணக்கில் செலவு. பாதியில் விட்டவர்களின் பூனைகள்தான் புண்ணோடு தெருவில் திரிகின்றன. கண்டால் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

அவகாசமே தராத பெயர் வெறிநோய். 2015 செப்டம்பரில் பினாங்கிலும் அது தலைகாட்டியது. தெருநாய்களைக் கொல்லச் சொல்லி மாநில அரசு உத்தரவிட்டது, மக்கள் கொதித்தார்கள். அறிகுறி தெரிந்த பின் மருந்தில்லை. வெறிநோய்க்கென்று 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் குன்னூரில் இருக்கும் மாநிலத்துக்காரர்கள் நாம், இதை மறக்கக் கூடாது. நாயோ பூனையோ கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். நம்முடைய தெர்மாமீட்டரில் 101 என்றால் நமக்குக் காய்ச்சல், நாய்க்கும் பூனைக்கும் அது இயல்பு. 100.5 முதல் 102.5 வரை பயமில்லை. காய்ச்சல் என்று நாமாகவே பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், அதை முறிக்கும் சக்தி அதன் ஈரலுக்கு இல்லை.

அடுத்தது மருந்துச் சீட்டு. நம் டாக்டர்கள் ஒரு வேளைக்கு 'ஓ.டி.' என்று எழுதுவார்கள். கால்நடை டாக்டர்கள் சிலர் அதையே 'எஸ்.ஐ.டி.' என்பார்கள். இரண்டு வேளைக்கு 'பி.ஐ.டி.'. மெடிக்கல் ஷாப் பையன் 'எஸ்.ஐ.டி.' தெரியாமல், அதை 'பி.ஐ.டி.' என்று படித்து இரட்டிப்பாகக் கொடுத்துவிடலாம். அதனால் டாக்டர் அறையை விட்டு வெளியே வருமுன் அத்தானைச் சீட்டின் ஓரத்திலேயே தமிழில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்: காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு, எத்தனை நாள், எது நடந்தால் உடனே வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தங்கை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு